புதினா குளிர்ச்சிதானா?

கோடை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் புதினாவுக்குத் தனி மரியாதை வந்துவிடும். மோரில் புதினா, எலுமிச்சைச் சாற்றில் புதினா, வெள்ளரிப் பச்சடியில் புதினா, தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் புதினாத் துவையல். "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வீட்டில் மறுபேச்சு இருக்காது. ஆயுர்வேத முறைப்படி சமையல் சொல்லித் தரும் புத்தகங்கள் சிலவற்றிலும் பித்தத்தைத் தணிக்கும் பொருள்களின் வரிசையில் புதினா இடம் பிடித்திருக்கிறது. வாயில் போட்டவுடனே ஜில்லென்று இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

ஆனால் வைத்திய சாஸ்திரம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சித்த வைத்தியத்தின் குணபாடத்தில் புதினாவின் சுவை கார்ப்பு, தன்மை வெப்பம். ஆயுர்வேதக் கல்லூரிகளில் படிக்கிற திரவியகுண நூல்களிலும் அதற்கு உஷ்ண வீரியம் என்றே சொல்லியிருக்கிறது. ஆக, குளிர்ச்சி என்று நாம் கொண்டாடும் கீரை, சாஸ்திரக்காரர்கள் கணக்கில் சூட்டுப் பொருள்!

இது பண்டிதர்களின் வாதம், நமக்கெதற்கு என்று நான் விட்டிருப்பேன். நான் இருக்கும் ஊர் அப்படி விடவிடவில்லை. தூத்துக்குடிக்கு வடபக்கத்தில் உள்ள மாப்பிள்ளையூரணி எங்கள் ஊர். பெயரில்தான் ஊரணி இருக்கிறது. நிலத்தடித் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாக வந்தால்தான் உண்டு. சுற்றுவட்டாரமெல்லாம் உப்பளங்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடிக் கரையில். தை, மாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை அளத்தில் வேலை இருக்கும். ஐப்பசி மழை வந்துவிட்டால் பாத்திகள் முங்கிவிடும், வேலையும் நின்றுவிடும். ஆகவே உப்பு நன்றாக விளைகிற காலமும் வெயில் கொளுத்துகிற காலமும் ஒன்றேதான். அந்த வெயிலில் நின்று உப்பு வாருகிறவர்களிலும், தலையில் சுமக்கிறவர்களிலும் பாதிக்குப் பாதி நம்மைப் போன்ற பெண்கள். இப்படிப்பட்ட ஊரில் "எது குளிர்ச்சி?" என்ற கேள்வி வெறும் சமையற்கட்டுக் கேள்வியாக நின்றுவிடாது.

தாகத்தை ஏமாற்றும் இலை

எங்கள் தெருவில் அளத்து வேலைக்குப் போகும் மதினி ஒருவர் உண்டு. உறவு என்று பார்த்தால் தூரம். பழக்கத்தில் கூடப்பிறந்தவர் மாதிரி. விடியற்காலை மூன்றரை மணிக்கெல்லாம் தூக்குச்சட்டியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போன வருஷம் சித்திரையில் என் தொட்டியில் புதினா நன்றாகத் தழைத்திருந்தது. மதினி தினமும் போகும்போது நான்கு காம்பு கிள்ளி முந்தானையில் முடிந்துகொள்வார். துவையலுக்காக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கேட்டபோது சொன்னார்:

"துவையலுக்கு இல்லட்டி. அளத்துல தாகம் எடுத்தா ரெண்டு எலையை வாயில போட்டு மெல்லுவேன். வாயெல்லாம் குளுந்து போவும். தாகம் அடங்கிரும்."

"தாகம் எடுத்தா தண்ணி குடிக்க வேண்டியதுதான மதினி?"

"நல்லாச் சொன்ன போ! தண்ணி குடிச்சா எங்க போய் ஒதுங்குறது? அளத்துல மரமா இருக்கு, மறைவா இருக்கு? ஆம்பளைய பாட்டுக்கு வாராவ, போறாவ. காலையில போனா வீட்டுக்கு வந்துதான். அதான் இந்த எலை. குளுச்சிக்குக் குளுச்சி, தண்ணியும் வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. மதினி சொன்னதில் ஒன்று உண்மை: புதினா மென்றால் தாகம் மட்டுப்படும். வாய் குளிர்ந்தாலே தாகம் தணிந்தது போன்ற உணர்வு வந்துவிடும் என்பது சோதித்துப் பார்த்த விஷயம்தான். ஆனால் வியர்வையாகப் போன தண்ணீரில் ஒரு சொட்டாவது அந்த இலையால் உடம்புக்குத் திரும்பி வருகிறதா? இல்லை. "தண்ணீர் கொடு" என்று உடம்பு கூப்பிடுகிறது. புதினா அந்தக் கூப்பாட்டை அடக்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் மதினிக்கு இரண்டு முறை தலை சுற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிறுநீர் கடுத்துக் கொஞ்சமாகப் போயிற்று. பரிசோதித்த டாக்டர், தண்ணீர் போதாமல்தான் இவ்வளவும் என்றார்; இப்படியே வருஷக்கணக்கில் போனால் சிறுநீரகத்தில் கை வைத்துவிடும் என்றும் எச்சரித்தார். இது மதினி ஒருவருடைய கதை அல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, கடும் வெக்கையில் பாடுபடுவதால் வரும் உடல் நலிவையும் சிறுநீரகக் கோளாறையும் எழுதியிருக்கிறார்கள். கழிப்பிடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவதும் இந்தக் கரையில் ஊரறிந்த சங்கதி.

குளிர்ச்சியின் ரகசியம்

புதினா ஜில்லென்று இருப்பது ஏன்? இதன் விடையை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது சமீப காலத்தில்தான். நம் தோலிலும் நாக்கிலும் சூட்டையும் குளிரையும் உணர்ந்து மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அந்த முனைகளில் கதவு மாதிரி சில புரதங்கள் உண்டு. சூடு பட்டால் ஒரு கதவு திறக்கும், குளிர் பட்டால் இன்னொரு கதவு திறக்கும். அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு 1997ல் சூட்டுக் கதவைக் கண்டுபிடித்தது. மிளகாயில் உள்ள காரப்பொருளும் அதே கதவைத் திறந்துவிடுகிறது. மிளகாயைக் கடித்தால் நாக்கு நெருப்பாக எரிகிறதே, உண்மையில் நாக்கு வெந்தா போகிறது? கதவு திறந்துவிட்டதால் 'சூடு, சூடு' என்று மூளைக்குச் செய்தி போகிறது.

2002ல் ஜூலியஸும், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற இன்னொரு விஞ்ஞானியும் தனித்தனியாகக் குளிர்க் கதவைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் டி.ஆர்.பி.எம்.8. புதினா இனத்தில் உள்ள மெந்தால் என்னும் பொருள் இந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. 'குளிர்கிறது' என்று செய்தி போய்விடுகிறது. ஆனால் நாக்கின் வெப்பம் இருந்தபடியேதான் இருக்கிறது. உடம்பின் உணர்வுகளைப் பற்றிய இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக இருவருக்கும் 2021ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. புதினா என்றால் ஒரே செடி அல்ல. மிட்டாயிலும் தலைவலித் தைலத்திலும் சேரும் மெந்தால், உத்தரப் பிரதேசத்தில் ஏக்கர் ஏக்கராகப் பயிராகும் ஜப்பான் புதினா என்ற வகையிலிருந்து வடிப்பது. நாம் சந்தையில் கட்டாக வாங்கும் சமையல் புதினா பெரும்பாலும் வேறு வகை. அதன் மணத்துக்குக் காரணம் முக்கியமாகக் கார்வோன் என்ற பொருள். மெந்தால் அதில் சொற்பம். அதனால்தான் புதினா மிட்டாய் சில்லிடுகிற அளவுக்குப் புதினாத் துவையல் சில்லிடுவதில்லை.

சாஸ்திரம் வேறு கணக்குப் போடுகிறது

நம் பெரியவர்கள் நாக்கை மட்டும் நம்பி ஒரு பொருளைச் சூடு என்றோ குளிர்ச்சி என்றோ சொல்லிவிடவில்லை. நாக்கில் தெரிவது ரசம், அதாவது சுவை. ஜீரணமான பிறகு நிற்பது விபாகம். உடம்புக்குள் போய்ச் செய்யும் வேலையின் வேகம் வீரியம். சூடு, குளிர்ச்சி என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த வீரியத்தைப் பற்றியது. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல.

நம் அடுக்களையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஆவி பறக்கக் காய்ச்சிய பசும்பால் ஆயுர்வேதப்படி சீத வீரியம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கெட்டித் தயிர் உஷ்ண வீரியம். கைக்குச் சுடுவது குளிர்ச்சி, கைக்குக் குளிர்வது சூடு! இந்தக் கணக்குப் புரிந்துவிட்டால் புதினாவின் சங்கதியும் புரிந்துவிடும். அது நாக்குக்குக் குளிர்ச்சி காட்டும். வயிற்றுக்குள் போனால் ஜடராக்கினியைத் தூண்டும். பசியைக் கிளப்பும், வாயுவைக் கலைக்கும், உண்டதைச் செரிக்க வைக்கும். அதனால்தான் கார்ப்புச் சுவையோடும் உஷ்ண வீரியத்தோடும் அதைச் சேர்த்தார்கள்.

புதினா என்ற பெயரே பாரசீகத்திலிருந்து வந்தது. இன்றைய ஆயுர்வேத நூல்களில் அதற்குப் 'பூதிஹா' என்று ஒரு வடமொழிப் பெயரும் வழங்குகிறது; துர்நாற்றத்தைப் போக்குவது என்று பொருள். மீன் கழுவிய கையும் மீன் குழம்புச் சட்டியும் உள்ள எங்கள் கடற்கரை வீடுகளுக்கு இந்தப் பெயர் எத்தனை பொருத்தம்!

முத்து அணிந்தவரின் கோடை

கோடையில் எப்படி வாழ வேண்டும் என்று சரக சம்ஹிதை ஓர் அத்தியாயத்தில் விவரமாகச் சொல்கிறது. இனிப்பான, குளிர்ந்த, நீர்ப்பாங்கான, நெய்ப்பசையுள்ள ஆகாரம் நல்லது. பாலும் நெய்யும் சேர்த்த அரிசிச் சோறு, சர்க்கரை சேர்த்துக் குளிரக் கரைத்த சத்துமாவு இவை விசேஷம். உப்பு, புளிப்பு, காரம், சூடான பொருள்கள் கூடாது. உடம்பை வருத்தும் வேலையும் கூடாது. பகலில் குளிர்ந்த அறையில் தூங்கலாம்; இரவில் நிலவு படும் மொட்டை மாடியில் காற்றாடப் படுக்கலாம்; மேனியில் சந்தனம் பூசி, முத்தும் மணியும் அணிந்து, சந்தனத் தண்ணீர் தெளித்த விசிறியால் வீசிவிட ஆள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

முத்து என்ற இடத்தில் எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. எங்கள் கரை முத்துக் குளித்த கரையல்லவா? இங்கே முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். அதற்கு முன்னால் எத்தனையோ நூற்றாண்டுகளாக மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கினவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் எடுத்துக் கொடுத்த முத்து, யாரோ ஒருவருடைய கழுத்தில் கோடைக் குளிர்ச்சிக்காகத் தொங்கியிருக்கும். முத்தைப் பற்பமாக்கி மருந்தாகக் கொடுப்பதிலும் அது குளிர்ச்சிப் பொருள் என்றே வைத்தியர்கள் கணக்கு. (அதை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது, வைத்தியர் கையால்தான் கொடுக்க வேண்டும்.)

நான் சரகரைக் குறை சொல்லவில்லை. அவர் 'வேலை செய்யாதே' என்று சொல்லிவிட்டுத்தான் 'உப்பைக் குறை' என்றார். இரண்டும் சேர்ந்தது ஒரே விதி. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வையில் உப்பு அதிகம் போகாது, குறைத்துக்கொள்ளலாம். உப்புப் பாத்தியில் நின்று உப்பாகவே வியர்க்கிற மதினிக்கு, அந்த விதியின் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொன்னால் அது வைத்தியமாகாது. ஆகாரச் சட்டம் எதைப் படித்தாலும், இது எந்த மாதிரி நாளைக் கழிக்கிறவருக்குச் சொன்னது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர்மோருக்கு நூலிலேயே சாட்சி

அப்படியானால் எதுதான் குளிர்ச்சி? நம் வீட்டு நீர்மோர்தான்! ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உஷ்ண காலத்திலும், பலவீனமானவர்களுக்கும், மயக்கம், தலைச்சுற்றல், எரிச்சல் உள்ளவர்களுக்கும் மோர் கூடாது என்று சுசுருதர் சொல்கிறார். 'இதென்ன, தலையில் கல்லைப் போடுகிறாரே!' என்று நினைக்காதீர்கள். அவர் சொல்லும் மோர் நம் நீர்மோர் அல்ல.

16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய பாவப்பிரகாசம் இதைப் பிரித்துக் காட்டுகிறது. ஆடையோடு, தண்ணீர் விடாமல் கடைந்தது கோலம். ஆடை எடுத்து, தண்ணீர் விடாமல் கடைந்தது மதிதம். கால் பங்கு தண்ணீர் சேர்த்தது தக்ரம். பாதித் தண்ணீர் சேர்த்தது உதஸ்வித். வெண்ணெயை எடுத்துவிட்டு, தாராளமாகத் தண்ணீர் விட்டது சச்சிகா. இந்த ஐந்தாவதுதான் நம் நீர்மோர். இது குளிர்ச்சி, எளிதில் செரிப்பது, பித்தம், களைப்பு, தாகம் மூன்றையும் போக்குவது. உப்புச் சேர்த்தால் பசியும் எடுக்கும் என்பது அவர் அபிப்பிராயம். தண்ணீர் சேரச் சேரத்தான் மோர் குளிர்ச்சியாகிறது என்பதைக் கவனித்தீர்களா? இன்றைய டாக்டர்கள் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வதும் அதேதான்: தண்ணீர், அதோடு கொஞ்சம் உப்பு.

நான் செய்கிற முறை இது. புளிக்காத தயிர் ஒரு டம்ளர். நன்றாகக் கடைந்து, மிதக்கிற வெண்ணெயை எடுத்துவிட்டு, ஐந்து டம்ளர் காய்ச்சி ஆறிய தண்ணீர் விடவும். அரை டீஸ்பூன் உப்பு (தலைதட்டி), இஞ்சி ஒரு சிறு துண்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, பெருங்காயம் ஒரு சிட்டிகை, புதினா பத்து இலை. இஞ்சியையும் இலைகளையும் அம்மியில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் போதும், அரைக்க வேண்டாம். மண்பானையில் ஊற்றி வைத்தால் மத்தியானம் வரை ருசி மாறாது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த மோரில் புதினாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மணம் கொடுக்கிறது, இன்னும் ஒரு வாய் குடிக்கத் தூண்டுகிறது, மோர் வயிற்றில் மந்தம் தட்டாமல் பார்த்துக்கொள்கிறது. மென்றால் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுத்த அதே இலை, மோரில் மிதந்தால் கூட ஒரு டம்ளர் குடிக்க வைக்கிறது. எதோடு சேருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மோர் தவிர, எங்கள் மாவட்டம் பனை நாடு. மாசி, பங்குனியிலிருந்து பதநீர் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் நுங்கு. பழைய சோற்று நீராகாரத்தில் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தால் அதற்கு ஈடு இல்லை. இளநீர் விற்கிற விலையில் தினமும் வாங்க முடியாதவர்கள் இவற்றை மறக்க வேண்டாம்.

புதினாவின் சொந்த வேலை

குளிர்ச்சிப் பட்டத்தைப் பறித்துவிட்டோம் என்பதற்காகப் புதினாவை ஒதுக்கிவிடாதீர்கள். பிரியாணி தின்று வயிறு கல்லாக இருக்கும்போதும், பஸ் பிரயாணத்தில் குமட்டும்போதும், காய்ச்சல் விட்ட பிறகு வாய் கசந்து ருசி தெரியாமல் இருக்கும்போதும் அதற்கு இணை கிடையாது. குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் குணம் புதினா இனத்து எண்ணெய்க்கு உண்டு என்பதை இன்றைய வைத்தியமும் ஒத்துக்கொள்கிறது. அடிக்கடி வயிறு முறுக்கி உபாதைப்படுகிறவர்களுக்கு, குடலில் போய்க் கரையும்படி செய்த பெப்பர்மின்ட் எண்ணெய் மாத்திரைகளை டாக்டர்களே எழுதித் தருகிறார்கள்.

துவையல் அரைக்கும்போது ஒன்று பாருங்கள். வற்றல் மிளகாய் ஏழெட்டு, நெல்லிக்காயளவு புளி, அதோடு புதினா. இந்தக் கூட்டணியில் எல்லாமே சூடு! வெயில் காலத்துக்கு இப்படிச் செய்யலாம். புதினா ஒரு கைப்பிடி, பச்சைக் கொத்தமல்லி இரண்டு கைப்பிடி, தேங்காய்த் துருவல் ஒரு கிண்ணம், பச்சை மிளகாய் ஒன்றே ஒன்று, உளுத்தம் பருப்பு ஒரு ஸ்பூன் வறுத்தது, இஞ்சி கொஞ்சம், உப்பு. புளிக்குப் பதில் இறக்கும்போது இரண்டு ஸ்பூன் கடைந்த மோர். தேங்காய் சீத வீரியம். பச்சைக் கொத்தமல்லி பித்தத்தைத் தணிப்பது. இலைகளை எண்ணெயில் கருக விடாமல் ஒரு பிரட்டுப் பிரட்டினால் நிறமும் போகாது. எங்கள் வீட்டில் வெறும் சோற்றுக்கும் இதைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

என் நாத்தனாருக்கு ராத்திரி படுத்தால் நெஞ்சில் புளித்துக்கொண்டு எரிச்சல் வரும். 'குளிர்ச்சி' என்று யாரோ சொல்ல, தூங்கப் போகுமுன் தினமும் ஒரு டம்ளர் புதினாக் கஷாயம் குடித்துவந்தாள். எரிச்சல் கூடிற்றே தவிரக் குறையவில்லை. சித்த வைத்தியரிடம் போனபோது அவர் சிரித்துக்கொண்டே, "எரியுற அடுப்புல இன்னும் ரெண்டு சுள்ளி வைக்கியளே அம்மா" என்றார். இங்கிலீஷ் வைத்தியமும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறது. இரைப்பையின் வாயில் ஒரு தசை வளையம் உண்டு. புதினா அதையும் தளர்த்திவிடும். அதனால் புளிப்பு நீர் மேலே ஏறி வரும். நெஞ்செரிச்சல்காரர்கள் இரவில் புதினாவை விட்டுவிடுவது நல்லது. அவள் விட்டாள், இரண்டு தலையணை உயரம் வைத்துப் படுத்தாள், சாப்பாட்டையும் எட்டு மணிக்கு முன்னால் முடித்தாள். இப்போது தூங்குகிறாள்.

கைக்குழந்தைகளுக்குச் சளி பிடித்தால் மெந்தால், கற்பூரம் சேர்ந்த தைலங்களை மூக்கருகில் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அது மூச்சையே அடைக்கக்கூடும். புதினா எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் உள்ளுக்குக் கொடுப்பதும் கூடாது. துவையலில் சேருகிற இலையின் அளவு வேறு, வடித்த எண்ணெயின் வீரியம் வேறு.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. வெயிலில் இருந்தவர் திடீரென்று பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், வலிப்பு வந்தால், மயங்கி விழுந்தால், உடம்பு 104 டிகிரிக்கு மேல் கொதித்தால், அது வெப்பவாதம். அப்போது புதினாவும் வேண்டாம், மோரும் வேண்டாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலுக்குத் தூக்கி வந்து, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்கலாம். உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

வெறும் களைப்பும் தலைச்சுற்றலும்தான், நினைவு நன்றாக இருக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அது கைவசம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

மதினிக்கு என்ன வழி?

"இவ்வளவும் சொல்லுத, ஒதுங்குறதுக்கு வழி சொன்னியா?" என்று மதினி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் புதினாவிலும் விடை இல்லை, பாவப்பிரகாசத்திலும் இல்லை. மதினியும் கூட வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து அளத்து மேஸ்திரியிடம் போய் நின்றார்கள். பல தடவை அலைந்த பிறகு பம்பு ரூமுக்குப் பின்னால் தகரம் அடித்து ஒரு மறைவு கிடைத்தது. தண்ணீர் வசதி இன்னும் சரியாகவில்லை, வாளியில்தான் கொண்டுபோகிறார்கள். ஆனால் இந்த வருஷம் மதினி இரண்டு லிட்டர் கேனில் நீர்மோரும், தனியாக ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போகிறார். கேன் காலியாகத் திரும்புகிறது. தலைச்சுற்றல் இல்லை.

மோரில் போட இலை வேண்டும் என்று அவர் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தேன். புதினா வளர்ப்பது சுலபம். சந்தையில் வாங்கும் கட்டில் முற்றிய காம்பாக நான்கு எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். பிறகு அகலமான தொட்டியில் மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நட்டுவிடலாம். எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: போர் தண்ணீர் ஊற்றினால் உப்பால் இலை ஓரம் கருகிச் செடி பட்டுவிடும். அரிசி கழுவிய தண்ணீரையும் காய்கறி அலசிய தண்ணீரையும் ஊற்றுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும். மேலே மேலே கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைக்கும்.

வரும் கோடைக்கு இப்போதே ஒரு தொட்டி வைத்துவிடுங்கள். இலையைக் கிள்ளும்போது பக்கத்தில் மோர்ப்பானையும் நிறைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.